வெளியிடங்களில் நிற்கும் இரும்புக்குக் காப்புப் பூச்சு: தேர்ந்தெடுத்தலும் பூசுதலும்

1914-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலம் நூறாண்டுகளுக்கு மேல் கடலின் நடுவே நின்று பணியாற்றியது. 1964-ஆம் ஆண்டு டிசம்பரில் வீசிய பெரும் புயலில் அதன் பகுதிகள் பெயர்ந்து விழுந்தபோதிலும், பழுது பார்க்கப்பட்டு மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது. புயலால் முடிவு காணாத அப்பாலத்தில் 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டதற்குக் காரணம் துரு. உப்புக் காற்று இரும்பைச் சிறிது சிறிதாக அரித்த வேலை, புயல் செய்த வேலையைக் காட்டிலும் வலியதாயிற்று. அதன் அருகே கட்டப்பட்டு 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில், இரும்பு உறுப்புகளின்மேல் பாலிசிலாக்சேன் என்னும் உயர்வகைக் காப்புப் பூச்சு பூசப்பட்டிருப்பதும், கான்கிரீட்டினுள் துருப்பிடியா எஃகுக் கம்பிகள் இடப்பட்டிருப்பதும் அவ்வனுபவம் தந்த பாடமாகும்.

பெரும் பாலங்களைக் காக்கப் பொறியாளர்களும் ஆய்வாளர்களும் இருக்கின்றனர். ஆனால் ஒவ்வோர் ஊரிலும் உள்ள நீர்த்தொட்டித் தாங்கிகள், அவற்றின்மேல் ஏறும் ஏணிகள், பள்ளி வாயிற்கதவுகள், கொடிக்கம்பங்கள், மதகுக் கதவுகள், மழைமானி நிலைய வேலிகள், தகரக் கூரைகளின் சட்டங்கள் ஆகியவற்றைக் கவனிக்கும் பொறுப்பு பெரும்பாலும் களப்பணியாளரிடமும் தலைமையாசிரியரிடமுமே உள்ளது. ஏணியின் படி ஒன்று மேலே பளபளப்பாகவும் உள்ளே துருவேறியும் இருப்பின், அதன்மேல் கால் வைப்பவரின் உயிருக்கே ஆபத்து நேரிடும். ஆதலின் வர்ணம் பூசுவதை அலங்கார வேலையாகக் கருதாமல், பாதுகாப்பு வேலையாகக் கருதுதல் வேண்டும். அதற்குரிய விதிகளையும் அவற்றின் காரணங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

துரு தோன்றும் விதம்

இரும்பு துருப்பிடிக்க நீரும் பிராணவாயுவும் ஒருங்கே தேவை. இவ்விரண்டில் ஒன்று இல்லையெனினும் சாதாரண உஷ்ணநிலையில் துரு தோன்றுவதில்லை. ஈரம் படிந்த இரும்பின் மேற்பரப்பு எண்ணற்ற சிறு மின்கலங்களைப் போல் இயங்குகிறது. ஓரிடத்தில் இரும்பு அணுக்கள் எலெக்ட்ரான்களை இழந்து நீரில் கரைகின்றன. அவ்விடம் ஆனோடு எனப்படும். அந்த எலெக்ட்ரான்கள் உலோகத்தின் வழியே வேறோர் இடத்தை அடைந்து, அங்குள்ள நீருடனும் பிராணவாயுவுடனும் சேர்ந்து ஹைட்ராக்சைடு அயனிகளை உண்டாக்குகின்றன. அவ்விடம் கேதோடு எனப்படும். கரைந்த இரும்பு, ஹைட்ராக்சைடுடன் கூடி, மேலும் பிராணவாயுவை ஏற்றுச் செந்நிறத் துருவாக மாறுகிறது.

உப்பு இருப்பின் நீரின் மின்கடத்தும் ஆற்றல் மிகுகிறது. மின்கலம் விரைவாக வேலை செய்கிறது. அன்றியும், உப்பிலுள்ள குளோரைடு இரும்பின்மேல் தோன்றக்கூடிய காப்புப் படலத்தையும் உடைத்துவிடுகிறது. காற்றிலிருந்து ஈரத்தை ஈர்க்கும் இயல்பும் உப்புக்கு உண்டு. எனவே மழை இல்லாத நாளிலும் கடற்கரை இரும்பின் மேற்பரப்பு ஈரமாகவே இருக்கும்.

துருவினால் விளையும் கேடு இரும்பு குறைவதோடு நிற்பதில்லை. துரு தான் தோன்றிய இரும்பைக் காட்டிலும் பன்மடங்கு அதிக இடத்தை அடைப்பதால், இரு தகடுகளுக்கு நடுவே தோன்றினால் அவற்றை விலக்கித் தள்ளும். பூச்சின் அடியில் தோன்றினால் பூச்சைக் கொப்புளமாக உயர்த்திப் பெயர்த்தெறியும். ஓரிடத்தில் நுழைந்த துரு பூச்சின் அடியில் பக்கவாட்டில் பரவிச் செல்வதும் இதனாலேயே.

காப்புப் பூச்சு மூன்று வழிகளில் இதனைத் தடுக்கிறது. முதலாவது, ஈரமும் உப்பும் உலோகத்தை எளிதில் அடையாதவாறு திரையாக நிற்றல். இரண்டாவது, அடிப்பூச்சில் கலந்துள்ள சில பொருள்கள் இரும்பின்மேல் நிகழும் ரசாயன வினையை மந்தப்படுத்துதல். மூன்றாவது, துத்தநாகத் தூள் மிகுந்த பூச்சில் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காத்தல். எந்தப் பூச்சும் நீராவியை முற்றிலும் தடுத்துவிடுவதில்லை. ஆதலால் பூச்சு இரும்போடு உறுதியாக ஒட்டி நிற்பதே அதன் ஆயுளை நிர்ணயிக்கும் முதன்மையான காரணமாகும்.

இடத்தின் தன்மையை அறிதல்

பாரதம் ஒரே நாடாயினும் அதன் தட்பவெப்பம் ஒன்றன்று. ராஜஸ்தானத்து வறண்ட காற்றில் பல ஆண்டுகள் நிற்கும் பூச்சு, கொங்கணக் கரையில் ஒரு மழைக்காலத்தைத் தாண்டாமல் போகலாம். ஆகவே பூச்சைத் தேர்ந்தெடுக்குமுன் இடத்தின் அரிக்கும் ஆற்றலை அறிதல் வேண்டும்.

இதற்கென ஐ.எஸ்.ஓ. 12944 என்னும் சர்வதேசத் தரநூல் சூழ்நிலைகளைச் சில வகுப்புகளாகப் பிரித்துள்ளது. பூச்சில்லாத சாதாரண எஃகு முதலாண்டில் எவ்வளவு கனம் இழக்கிறது என்பதே அளவுகோல். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு.

சி-2, தூய்மையான உள்நாட்டுக் கிராமப்புறம்: 1.3 முதல் 25 மைக்ரான் வரை.
சி-3, சாதாரண நகர்ப்புறம், உப்புக் குறைந்த கடலோரம்: 25 முதல் 50 மைக்ரான் வரை.
சி-4, தொழிற்சாலைப் பகுதி, மிதமான உப்புள்ள கடலோரம்: 50 முதல் 80 மைக்ரான் வரை.
சி-5, ஈரம் மிகுந்த தொழிற்பகுதி, உப்பு மிகுந்த கடலோரம்: 80 முதல் 200 மைக்ரான் வரை.

இதற்கும் மேற்பட்ட கடுமையுள்ள நடுக்கடல் அமைப்புகள் தனி வகுப்பாகும். ஒரே ஊரிலும் எல்லா இடமும் ஒரு வகுப்பில் அடங்கா. கடலை நோக்கிய பக்கமும், மழைநீரால் கழுவப்படாமல் உப்பும் தூசியும் தங்கும் அடிப்பக்கமும், நீர் தேங்கும் மூலைகளும் மற்ற இடங்களைவிட விரைவில் கெடும்.

மனிதரின் பழக்கமும் சூழ்நிலையின் ஒரு பகுதியே. 1943-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கல்கத்தா ஹௌரா பாலத்தில் சுமார் 26,500 டன் எஃகு உள்ளது. இப்பாலத்தின் உறுப்புகளைப் பறவைகளின் எச்சமும், பாதசாரிகள் துப்பும் வெற்றிலை, குட்கா எச்சிலும் அரித்துவந்தன. தொங்குகால்களின் அடிப்பகுதியைக் காக்கும் எஃகு உறைகள் 6 மில்லிமீட்டர் கனத்திலிருந்து 3 மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தேய்ந்துவிட்டதாக 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்டறியப்பட்டது. பின்னர் அவ்விடங்கள் கண்ணாடி நார் உறைகளால் மூடப்பட்டன. பூச்சினால் மட்டும் தீராத குறையை அமைப்பில் செய்யும் மாறுதலால் தீர்க்க வேண்டும் என்பதற்கு இது தக்க உதாரணமாகும்.

பரப்பைத் தயார் செய்தல்

பூச்சு சீக்கிரம் உரிந்துவிட்டால் பெயிண்ட் மட்டமானது என்று கூறுவது வழக்கம். ஆராய்ந்து பார்த்தால், பெரும்பாலான நேர்வுகளில் குற்றம் பெயிண்டினுடையதன்று. அதன் அடியிலிருந்த அழுக்கினுடையது. பூச்சு தான் எதன்மேல் நிற்கிறதோ அதைவிட உறுதியாக நிற்க இயலாது. துருவின்மேல் பூசினால் துரு உதிரும்போது பூச்சும் உதிரும்.

புதிய எஃகின்மேல் காணப்படும் நீலங்கலந்த கருமையான செதிலைப் பலர் நல்ல காப்பென எண்ணுகின்றனர். உருக்காலையில் சூடாக உருட்டும்போது உண்டாகும் இச்செதில் முழுமையாக இருக்கும்வரை இரும்பை மூடி நிற்கும் என்பது உண்மையே. ஆயினும் வெயிலில் விரிந்தும் குளிரில் சுருங்கியும் அது வெடிக்கும். வெடித்த இடத்தில் செதில் கேதோடாகவும் வெளிப்பட்ட இரும்பு ஆனோடாகவும் இயங்குவதால், அச்சிறு பிளவில் துரு மிக ஆழமாக இறங்கும். எனவே செதிலை நீக்காமல் பூசிய பூச்சுக்கு ஆயுள் குறைவு.

தயார் செய்யும் முறை பின்வரும் வரிசையில் அமைதல் வேண்டும்.

முதலாவது, எண்ணெய்ப் பசையையும் கிரீஸையும் நீக்குதல். சோப்பு நீராலோ தகுந்த கரைப்பானாலோ துடைத்து எடுக்க வேண்டும். பசை இருக்கும்போதே கம்பித் தூரிகையால் தேய்த்தால் பசை எங்கும் பரவுமேயன்றி நீங்காது.

இரண்டாவது, நல்ல நீரால் கழுவுதல். கடலோரத்தில் இது தவிர்க்கக்கூடாதது. உப்பின்மேல் பூசினால், அவ்வுப்பு பூச்சின் வழியே நீரை உள்ளே இழுத்துக் கொப்புளங்களை உண்டாக்கும். உவர்நீரால் கழுவுவது கழுவாமல் விடுவதைவிடக் கேடானது.

மூன்றாவது, துருவையும் செதிலையும் நீக்குதல். சுரண்டி, சிறு சுத்தியல், கம்பித் தூரிகை, உப்புத்தாள் இவற்றைக் கொண்டு கையால் செய்வது ஒரு முறை. மின்விசையால் சுழலும் தூரிகைகளைக் கொண்டு செய்வது அதனினும் மேலானது. இவ்வாறு உலோகத்தின் பளபளப்புத் தெரியும்வரை தேய்த்த நிலையைத் தரநூல்கள் எஸ்.டி. 3 எனக் குறிக்கின்றன. சிறு துகள்களைக் காற்றழுத்தத்தால் வீசியடித்துத் தூய்மையாக்குவது எல்லாவற்றிலும் சிறந்தது. இதனால் ஏறக்குறைய வெள்ளையாகத் தோன்றும் எஃகு எஸ்.ஏ. 2½ எனப்படும். வீசியடித்த பரப்பு சற்றுச் சொரசொரப்பாக அமைவதால் பூச்சு நன்கு பற்றிக்கொள்ளும்.

துகள் வீச்சுக்கு ஆற்று மணலைப் பயன்படுத்துதல் கூடாது. மணல் உடையும்போது எழும் சிலிக்காத் தூசு நுரையீரலில் தங்கிச் சிலிக்கோசிஸ் என்னும் தீராத நோயை உண்டாக்கும். செம்புக் கசடு, கார்னெட், எஃகுத் துகள் ஆகியவை பயன்படுத்தத் தக்கவை. அவற்றைப் பயன்படுத்தும்போதும் பணியாளருக்குத் தூய காற்று வழங்கும் முகமூடி வேண்டும்.

நான்காவது, தூசியைத் துடைத்து அன்றே அடிப்பூச்சு இடுதல். தூய்மையாக்கிய இரும்பை இரவு முழுதும் பனியில் விட்டுக் காலையில் பூசினால், முதல் நாள் உழைப்பு வீணாகும்.

பூச்சு வகைகளும் தேர்வும்

காப்புப் பூச்சு ஒரே பொருளன்று. ஒன்றன்மேல் ஒன்றாக அமையும் தொகுதி. இரும்பைப் பற்றித் துருவைத் தடுப்பது அடிப்பூச்சின் வேலை. கனத்தைக் கொடுப்பது இடைப்பூச்சின் வேலை. வெயிலையும் மழையையும் தாங்குவது மேற்பூச்சின் வேலை. இம்மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துதல் வேண்டும். பழைய சாதாரண எனாமலின்மேல் கடுமையான கரைப்பானுள்ள பூச்சை இட்டால், அடியிலுள்ளது சுருங்கி எழும்பும். ஐயம் தோன்றினால், ஒரு சதுர அடி இடத்தில் பூசிச் சில நாள் பார்த்த பின்னரே முழுவதும் பூச வேண்டும்.

உள்நாட்டு ஊர்களில், கையால் சுத்தம் செய்யக்கூடிய வேலி, கதவு, தாங்கி முதலியவற்றுக்கு ஆல்க்கைடு வகைப் பூச்சுகள் போதுமானவை. துத்தநாக பாஸ்பேட் கலந்த அடிப்பூச்சு இரண்டு கையும், வெளிப்புறத்துக்குரிய சிந்தெடிக் எனாமல் இரண்டு கையும் பூசுவது சாதாரண முறையாகும். கடைகளில் ‘ரெட் ஆக்சைடு’ என்ற பெயரில் கிடைப்பவை அனைத்தும் துருவைத் தடுப்பன அல்ல. செந்நிற இரும்பு ஆக்சைடு வெறும் நிறப்பொருளே. துருவை மந்தப்படுத்தும் பொருள் அதனுடன் கலந்துள்ளதா என்பதை டப்பாவின் குறிப்பில் பார்த்து வாங்க வேண்டும். கட்டிட இரும்புகளுக்குப் பூசும் முறையை விவரிக்கும் இந்தியத் தரநூல் ஐ.எஸ். 1477 ஆகும், பணியை ஒப்பந்தத்துக்கு விடுவோர் அதனைப் பார்வையிடுதல் நலம்.

நீர்த்தொட்டியின் வெளிப்புறத்துக்கு அலுமினியப் பூச்சு ஏற்றது. இதிலுள்ள அலுமினியச் செதில்கள் ஓட்டுக் கூரைபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஈரத்தின் வழியை நீட்டுகின்றன. வெயிலைத் திருப்பியனுப்பித் தொட்டியின் வெப்பத்தையும் குறைக்கின்றன. குடிநீர்த் தொட்டியின் உட்புறத்துக்கு மேற்சொன்ன எவற்றையும் பயன்படுத்துதல் கூடாது. குடிநீருக்குத் தீங்கற்றதெனச் சான்று பெற்ற பூச்சுகளே அங்கு உரியவை.

கடலோரத்துக்கும் தொழிற்பகுதிக்கும் உரிய தொகுதி வேறு. எஸ்.ஏ. 2½ அளவுக்குத் துகள் வீசித் தூய்மையாக்கிய எஃகின்மேல், துத்தநாகம் மிகுந்த எபாக்சி அடிப்பூச்சும், கனமான எபாக்சி இடைப்பூச்சும், பாலியூரித்தேன் மேற்பூச்சும் இடுவது வழக்கம். எபாக்சி இரும்பை உறுதியாகப் பற்றும். ஈரத்தையும் ரசாயனங்களையும் தாங்கும். ஆனால் சூரிய ஒளி பட்டால் அதன் மேற்பரப்பு சுண்ணாம்புத் தூள்போல் உதிரும். பாலியூரித்தேன் மேற்பூச்சு தேவைப்படுவது இதற்காகவே. துத்தநாகம் மிகுந்த பூச்சு இரும்பை நேரடியாகத் தொட்டால்தான் பயன் தரும். துருவின்மேல் அதைப் பூசுவது பணத்தை விரயம் செய்வதாகும். துகள் வீச்சுக்கு வசதியில்லாத இடங்களில், எஸ்.டி. 3 அளவுக்குத் தேய்த்து, கை சுத்தத்தைப் பொறுத்துக்கொள்ளும் வகையைச் சேர்ந்த எபாக்சியைப் பயன்படுத்தலாம்.

துத்தநாகம் பூசிய இரும்பு தனிக் கவனத்துக்கு உரியது. கிராமங்களில் பரவலாகக் காணப்படும் இந்தியா மார்க் 2 கைபம்பின் தலைப்பகுதியும் தாங்கியும் உருகிய துத்தநாகத்தில் தோய்த்தெடுக்கப்பட்டவை. இத்தகைய பரப்பு நல்ல நிலையில் இருக்கும்வரை வர்ணம் தேவையில்லை. அழகுக்காகச் சாதாரண எனாமலை நேரே பூசினால் சில மாதங்களில் அது தோல்போல் உரிந்துவிடும். ஆல்க்கைடிலுள்ள எண்ணெய், துத்தநாகத்தோடு வினைபுரிந்து ஒருவகைச் சோப்பாக மாறிப் பிடிப்பை இழப்பதே இதன் காரணம். பூசியே ஆகவேண்டுமெனில், துத்தநாகத்துக்கென உள்ள தனி அடிப்பூச்சை முதலில் இடவேண்டும்.

நச்சுப் பொருள்கள் பற்றிய எச்சரிக்கை

ஆளிவிதை எண்ணெயில் குழைத்த ஈயச் செந்தூரம் நெடுங்காலம் இரும்புக்குரிய முதன்மையான அடிப்பூச்சாக விளங்கியது. முழுமையாகச் சுத்தம் செய்யப்படாத இரும்பிலும் அது ஊறிப் பிடித்துக் காத்தது. எனினும் ஈயம் கொடிய நஞ்சு; குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. இன்ன அளவுவரை தீங்கில்லை என்று கூறத்தக்க வரம்பு எதுவும் அதற்கு அறியப்படவில்லை என உலக சுகாதார ஸ்தாபனம் தெரிவிக்கிறது. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டு பிறப்பிக்கப்பட்ட விதிகளின்படி, வீட்டு உபயோக, அலங்காரப் பெயிண்டுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது. இது 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. விதியின் பெயரே அதன் எல்லையையும் காட்டுகிறது: தொழிற்துறைப் பெயிண்டுகள் அதில் அடங்கா. ஆகவே பள்ளி வாயிற்கதவுக்கும் விளையாட்டுச் சாதனங்களுக்கும் தொழிற்துறைப் பெயிண்டு வாங்கும்போது, ஈயமற்றது என்னும் குறிப்பை டப்பாவில் பார்த்தே வாங்குதல் வேண்டும். துத்தநாகக் குரோமேட்டு கலந்த அடிப்பூச்சும் புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடியது. துத்தநாக பாஸ்பேட் அதற்கு மாற்றாகும்.

பழைய பூச்சைச் சுரண்டும்போதே ஆபத்து மிகுதி. பல ஆண்டுகளுக்கு முன் பூசப்பட்ட செந்நிற அடிப்பூச்சில் ஈயம் இருப்பதாகவே கொண்டு நடந்துகொள்ள வேண்டும். உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்த்தலும், தீக்கொழுந்தால் எரித்து நீக்கலும் கூடா. நீரால் நனைத்துச் சுரண்டி, கீழே விரித்த தாளில் உதிரியைச் சேகரித்து, மண்ணில் சிந்தாமல் அகற்ற வேண்டும். பள்ளிகளில் இவ்வேலையை விடுமுறை நாள்களிலேயே நடத்த வேண்டும். மாணவர்களைச் சேவைப்பணி என்ற பெயரில் இதில் ஈடுபடுத்துதல் எவ்வாற்றானும் தகாது.

பூசும் முறை

இரும்பின் உஷ்ணநிலை, காற்றிலுள்ள ஈரம் பனியாகப் படியும் நிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி சென்டிகிரேடு கூடுதலாக இருக்க வேண்டும். உதாரணமாக, காற்று 28 டிகிரியிலும் அதன் ஈரப்பதம் 80 சதவீதத்திலும் இருப்பின், பனி படியும் நிலை ஏறக்குறைய 24 டிகிரியாகும். இரும்பு 27 டிகிரிக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேற்பட்டால் வேலையை நிறுத்திவைப்பது நலம். இரவில் குளிர்ந்த கனமான இரும்பு, காற்றைவிடத் தாமதமாகவே சூடேறும். ஆதலால் அதிகாலையில் பூசுதல் தவறு. நண்பகல் வெயிலில் தொடமுடியாத அளவு கொதிக்கும் தகட்டில் பூசுதலும் தவறு. கரைப்பான் விரைந்து ஆவியாகிப் பூச்சில் நுண்துளைகளும் கொப்புளங்களும் தோன்றும்.

கூரிய விளிம்புகள், மரையாணித் தலைகள், வெல்டிங் தையல்கள் ஆகியவற்றில் பூச்சு தானே விலகி மெலிந்துவிடும். துரு முதலில் தோன்றுவதும் அங்கேயே. எனவே ஒவ்வொரு முழுப்பூச்சுக்கும் முன், இவ்விடங்களை மட்டும் சிறு தூரிகையால் ஒருமுறை பூசிவிட வேண்டும். அடிப்பூச்சைத் தூரிகையால் தேய்த்துப் பூசுவது நல்லது; குழிகளிலும் அது இறங்கும். இரு கைப்பூச்சுகளுக்குச் சற்று வேறுபட்ட நிறங்களைத் தேர்ந்தெடுத்தால், விட்டுப்போன இடம் கண்ணுக்குத் தெரியும்.

எபாக்சியும் பாலியூரித்தேனும் இரண்டு டப்பாக்களாக வரும். இரண்டையும் உற்பத்தியாளர் குறித்த விகிதப்படி அளந்தே கலக்க வேண்டும். கண்மதிப்பாகக் கலந்தால் பூச்சு இறுகாமலே நின்றுவிடும். கலந்தபின் பயன்படுத்தத்தக்க நேரம் வெப்பம் மிக மிகக் குறையும். கெட்டியாகத் தொடங்கியதைத் தின்னர் ஊற்றி மீட்க முயலுதல் கூடாது. குறித்த இடைவெளிக்கு மேல் தாமதித்தால் எபாக்சியின் மேற்பரப்பு மிக இறுகிவிடும். அப்போது உப்புத்தாளால் லேசாகத் தேய்த்த பின்னரே அடுத்த பூச்சை இட வேண்டும்.

கனமும் கணக்கும்

பூச்சின் ஆயுள் அதன் உலர்ந்த கனத்தைப் பொறுத்தது. பெயிண்டில் உலர்ந்தபின் எஞ்சும் திடப்பொருளின் கன அளவு சதவீதத்தில் குறிக்கப்படும். அதிலிருந்து இரு கணக்குகளை எளிதில் செய்யலாம்.

ஒரு லிட்டர் பரவும் சதுர மீட்டர் = திடப்பொருள் சதவீதம் × 10 ÷ உலர்ந்த கனம் (மைக்ரானில்).
ஈரநிலையில் வேண்டிய கனம் = உலர்ந்த கனம் × 100 ÷ திடப்பொருள் சதவீதம்.

ஒரு நீர்த்தொட்டியும் அதன் தாங்கியும் சேர்ந்து 30 சதுர மீட்டர் பரப்புடையன எனக் கொள்வோம். அடிப்பூச்சின் திடப்பொருள் 40 சதவீதம். ஒரு கைக்கு வேண்டிய உலர்ந்த கனம் 40 மைக்ரான். அப்போது ஒரு லிட்டர் 10 சதுர மீட்டர் பரவ வேண்டும். சிந்துதல், சொரசொரப்பு முதலியவற்றுக்காக நான்கில் ஒரு பங்கு கழித்தால் 7.5 சதுர மீட்டர். ஆகவே ஒரு கைக்கு 4 லிட்டரும் இரண்டு கைக்கு 8 லிட்டரும் தேவை. 4 லிட்டரிலேயே இரண்டு கையும் பூசி முடிந்ததாகக் கணக்குக் காட்டப்பட்டால், பூச்சு பாதிக் கனமே உடையது என்பதை மேற்பார்வையாளர் உடனே உணரலாம்.

மேற்சொன்ன பூச்சு ஈரநிலையில் 100 மைக்ரான் இருக்க வேண்டும். சீப்புப் போன்ற பற்களையுடைய சிறு அளவியை ஈரப் பூச்சில் அழுத்தி இதனை அறியலாம். உலர்ந்தபின் காந்தத் தத்துவத்தில் இயங்கும் கருவியால் அளக்கலாம்.

தின்னர் மிகுதியாகக் கலப்பதன் தீமையும் இக்கணக்கில் விளங்கும். ஒரு லிட்டர் பெயிண்டில் கால் லிட்டர் தின்னர் ஊற்றினால், திடப்பொருள் 40 சதவீதத்திலிருந்து 32 சதவீதமாகக் குறைகிறது. அதே 100 மைக்ரான் ஈரப் பூச்சு உலர்ந்தபின் 32 மைக்ரானே எஞ்சும். நான்கு கை பூசினாலும் 160-க்குப் பதிலாக 128 மைக்ரானே கிடைக்கும். ஒரு முழுக் கைப்பூச்சு கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடுகிறது. நிறம் மட்டும் பார்த்து இதனைக் கண்டுபிடிக்க இயலாது.

பராமரிப்பு

மழைக்காலம் முடிந்ததும் ஆண்டுக்கொரு முறை பார்வையிடுதல் வேண்டும். கம்பம் கான்கிரீட்டினுள் இறங்கும் இடம், ஏணிப் படிகள் பக்கச் சட்டத்தோடு சேரும் இடம், தொட்டியின் அடிவிளிம்பு ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். ஏணியின் படிகளையும் பற்றவைப்புகளையும் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். மந்தமான ஒலி எழுந்தாலோ செதில் பெயர்ந்தாலோ, அதன்மேல் வர்ணம் பூசி மறைக்காமல், எவரும் ஏறாதவாறு தடுத்து உறுப்பையே மாற்றுதல் வேண்டும். பூச்சு இரும்பைக் காக்குமேயன்றி, இழந்த இரும்பைத் திருப்பித் தராது.

நீர் தேங்கும் மூலைகளில் துளையிட்டு வடியச் செய்வதும், கம்பத்தின் அடியில் கான்கிரீட்டை உயர்த்திச் சரிவாக அமைப்பதும் மேலுமொரு கைப்பூச்சைக் காட்டிலும் பயனுள்ளவை. சிறு துருப்புள்ளிகள் தோன்றியதும் அவ்விடத்தை மட்டும் சுத்தம் செய்து அடிப்பூச்சும் மேற்பூச்சும் இட்டால் செலவு சிறிதாகும். முழுவதும் கெடும்வரை காத்திருந்தால், பெயிண்டைவிடச் சாரம் கட்டுவதற்கும் சுத்தம் செய்வதற்குமே பெருஞ்செலவு நேரும்.

வகுப்பறைப் பரிசோதனைகள்

ஆசிரியர்கள் இப்பாடத்தைப் பின்வரும் பரிசோதனைகளால் விளக்கலாம்.

1. நான்கு சோதனைக் குழாய்களில் தூய்மையான ஆணிகளை இடுக. முதலாவதில் சாதாரண நீர்; இரண்டாவதில் நன்கு கொதிக்கவைத்த நீரும் அதன்மேல் எண்ணெய்ப் படலமும்; மூன்றாவதில் நீரின்றிக் கால்சியம் குளோரைடும் இறுக்கமான மூடியும்; நான்காவதில் உப்புநீர். ஒரு வாரத்தில் முதலாவதிலும் நான்காவதிலும் துரு தோன்றும்; மற்ற இரண்டிலும் தோன்றாது. நீரும் பிராணவாயுவும் ஒருங்கே தேவை என்பது இதனால் விளங்கும்.

2. சூடான அகர் கரைசலில் சிறிது உப்பும், சில துளி பினாப்தலீனும், சில துளி பொட்டாசியம் பெர்ரிசயனைடு கரைசலும் கலந்து, நடுவில் வளைத்த ஓர் ஆணியின்மேல் ஊற்றி உறையவிடுக. மறுநாள் ஆணியின் தலை, நுனி, வளைவு ஆகிய இடங்களில் நீலநிறமும் மற்ற இடங்களில் இளஞ்சிவப்பும் தோன்றும். நீலம் இரும்பு கரையும் ஆனோடையும், சிவப்பு ஹைட்ராக்சைடு உண்டாகும் கேதோடையும் காட்டும். பெர்ரிசயனைடை ஆசிரியரே கையாள வேண்டும். அமிலத்தோடு சேர்த்தல் கூடாது.

3. இரு இரும்புத் தகடுகளில் ஒன்றைப் பளபளக்கத் தேய்த்தும், மற்றொன்றைத் துருவோடு விட்டும், இரண்டுக்கும் ஒரே ஈயமற்ற பூச்சைப் பூசுக. உலர்ந்தபின் இரண்டிலும் பெருக்கற்குறி வடிவில் இரும்பு தெரியுமாறு கீறி, வெளியில் வைத்து, வாரம் இருமுறை உப்புநீர் தெளித்து வருக. இரண்டு மாதங்கள் சென்றபின் கீறலிலிருந்து துரு எவ்வளவு தூரம் பூச்சின் அடியில் பரவியுள்ளது என்பதை அளவுகோலால் அளந்து ஒப்பிடுக. பெயிண்டு ஒன்றேயாயினும் விளைவு ஒன்றாக இராது. இவ்விரு தகடுகளையும் பள்ளியில் பாதுகாத்து வைத்து, அடுத்த முறை வாயிற்கதவுக்கு வர்ணம் பூச வருவோருக்குக் காட்டுதல் நலம்.

தொகுப்புரை

இடத்தின் தன்மையை அறிந்து தொகுதியைத் தேர்ந்தெடுத்தல், பசையையும் உப்பையும் துருவையும் நீக்குதல், அன்றே அடிப்பூச்சு இடுதல், விளிம்புகளை முன்னதாகப் பூசுதல், தின்னரைக் கட்டுப்படுத்திக் கனத்தை அளத்தல், நச்சுத் தூசியிலிருந்து பணியாளரையும் குழந்தைகளையும் காத்தல், ஆண்டுதோறும் பார்வையிடுதல் என்னும் இவ்வேழு கடமைகளில் விலையுயர்ந்த கருவிகள் தேவைப்படுவன சிலவே; மற்றவை கவனத்தையும் சரியான வேளையையும் மட்டுமே வேண்டுவன. அவற்றைக் கடைப்பிடித்தால் பொதுப்பணம் மிச்சமாகும். தொட்டியின்மேல் ஏறும் பணியாளர் பத்திரமாகக் கீழே இறங்குவார்.